சங்குக் கொட்டகையில் ஒளித்த குடங்கள்

கொட்டகைக் கதவைத் திறந்ததும் முதலில் அப்பா உள்ளே போனார். அவருக்குப் பின்னால் அம்மா, அடுத்து எங்கள் வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த மருமகள், என் அண்ணன் மனைவி செல்வக்கனி மதினி, கடைசியில் தாவணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நான். சங்குக் குவியலுக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்த பித்தளைப் பாத்திரங்களை எடுத்துவரப் போயிருந்தோம்.

அம்மா சாக்கை விலக்கி ஒரு குடத்தைத் தூக்கினாள். எந்தக் குடத்தைத் தூக்கினாலும் இடுப்பில் வைக்கும் முன் விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பது அம்மாவின் வழக்கம். நல்ல குடம் கணீரென்று சொல்லும். அந்தக் குடம் 'சொத்' என்றது.

வெளியே வெயிலுக்குக் கொண்டுவந்து திருப்பிப் பார்த்தோம். கழுத்தில் தொடங்கி வயிறு வரைக்கும் மயிரிழை போல ஒரு கீறல். குடத்தில் 'செல்வக்கனி' என்று பெயர் வெட்டியிருந்தார்கள். கீறல் அந்தப் பெயரின் நடுவே புகுந்து அதை இரண்டாகப் பிளந்துவிட்டுப் போயிருந்தது.

அடுத்த குடமும் அப்படித்தான். தவலை, செம்பு, பூவாளி என்று கல்யாணத்துக்கு வந்த புதுச் சாமானில் கையில் எடுத்தது ஒவ்வொன்றிலும் கீறல். யாரும் அவற்றைக் கீழே போடவில்லை, கல்லில் மோதவில்லை. வைத்தது வைத்தபடி இருந்த பாத்திரங்கள் தாமாகவே வெடித்திருந்தன. மதினி கையில் இருந்த செம்பைத் தரையில் வைத்துவிட்டு, வெட்டிய தன் பெயரின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

களவாணிக்கு இரண்டு கை

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு எங்கள் வீட்டுச் சங்கு நாற்றம் புதிதல்ல. புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. கடலிலிருந்து எடுத்த சங்கை அப்படியே கப்பலில் ஏற்ற முடியாது. உள்ளே இருக்கும் சதை அழுகி, ஈ மொய்த்து, தானாக விழ வேண்டும். பிறகு கழுவிக் காயவைத்துச் சாக்கில் கட்டிக் கல்கத்தாவுக்கு அனுப்புவார்கள். அங்கே அதை அறுத்து வளையல் செய்வார்கள். மணக்க மணக்கப் பூ வைத்துக்கொள்ளும் வங்காளத்துப் பெண்களுக்குத் தங்கள் வளையல் தூத்துக்குடியில் எப்படி நாறியது என்று தெரியாது.

அந்த அழுக வைக்கும் வேலையைக் கான்ட்ராக்டரிடமிருந்து அப்பா வாங்கிச் செய்தார். கொட்டகை வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரத் தைரியசாலிகள் வேண்டும்.

ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட வருஷம் அது. கொழும்புக்கு அடுத்தது தூத்துக்குடிதான் என்று ஊர் முழுக்கப் பேச்சு. துறைமுகத்தை ஒட்டிய தெருக்கள் ஒரே வாரத்தில் காலியாகின. மாட்டு வண்டியில், பஸ்ஸில், நடந்து என்று எல்லோரும் உள்நாட்டுப் பக்கம் கிளம்பினார்கள். நாங்கள் சித்தி வீட்டுக்கு நாசரேத் போவதாக முடிவாயிற்று.

அண்ணனுக்குக் கல்யாணமாகி அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. மதினியின் அப்பா சாத்தான்குளத்தில் பாத்திரக்கடை வைத்திருந்தவர், பெயர் வைகுண்டம். ஒரே மகள் என்று கடையையே பாதி காலி பண்ணி அனுப்பியிருந்தார். அத்தனையையும் நாசரேத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? பூட்டிய வீட்டில் வைத்துவிட்டுப் போகவும் பயம். யுத்த காலத்தில் பித்தளைக்கு அவ்வளவு கிராக்கி.

அப்பாதான் அந்த யோசனையைச் சொன்னார். "சங்குக்குப் பின்னால வச்சி மூடிருவோம். களவாணிப் பய ஒரு கையால மூக்கைப் பிடிக்கணும்லா. இன்னொரு கையால அண்டாவைத் தூக்கிருவானோ?"

எல்லோரும் சிரித்தோம். கல்கத்தாக் கப்பல் சரியாக வராததால் கொட்டகையில் அந்த வருஷம் என்றைக்கும் இல்லாத அளவு சங்கு குவிந்து கிடந்தது. அம்மா தன்னுடைய பழைய வெண்கல உருளி, பானை எல்லாவற்றையும்கூட அங்கேயே கொண்டுபோய் வைத்தாள். களவாணி வரவில்லை. குண்டும் விழவில்லை. ஆனி பாதியில் திரும்பி வந்து கதவைத் திறந்தபோதுதான் நான் மேலே சொன்னது நடந்தது.

டக், டக், டக்

பெயர் வெட்டுவது இப்போது மிஷினில் நடக்கிறது. அது ஒரு நொடி வேலை, காதை உறுத்தும் ஒரு சத்தம். அந்தக் காலத்தில் கடை வாசலில் ஓர் ஆள் சின்ன உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்திருப்பார். பெயரைச் சொன்னால் குடத்தை மடியில் கவிழ்த்து, புள்ளி புள்ளியாக டக், டக் என்று எழுத்தைத் தட்டிக்கொண்டே போவார். 'ழ' வந்தால் கொஞ்சம் முகத்தைச் சுளிப்பார்.

பெண்கள் பெயரில் நிலம் எழுதாத காலம் அது. வீடு கிடையாது, கடை கிடையாது. ஒரு பெண்ணின் பெயர் எழுத்தில் இருந்ததெல்லாம் அவள் கொண்டுவந்த பித்தளையில் மட்டும்தான். அந்தப் பெயர் பிளந்து கிடந்தால் வீட்டுப் பெண்கள் என்ன நினைப்பார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அம்மாவின் உருளிக்கு ஒன்றும் ஆகவில்லை

வெடித்தது எல்லாம் மதினியுடையது என்பதுதான் பெரிய சங்கடமாகப் போயிற்று. அதே கொட்டகையில், அதே சாக்குக்கு அடியில், அம்மாவின் பழைய சாமான்கள் அப்படியே இருந்தன. தட்டிப் பார்த்தால் கோவில் மணி போல இருந்தது.

அம்மா நடுவாசலில் உட்கார்ந்துகொண்டாள்.

"எங்கம்மா வீட்டுச் சாமான்ல ஒரு ஒச்சம் உண்டுமா? முந்தாநாள் வந்தது மட்டும் எப்படி வெடிக்கும்? தகட்டுல என்னமோ கலப்படம்."

மதினிக்கு முகம் சிவந்துவிட்டது. அதிகம் பேசாதவள், ஆனால் கடைக்காரர் மகள். சரக்கைக் குறை சொன்னால் சும்மா இருக்க மாட்டாள்.

"எங்கய்யா கடையில கலப்படம் கிடையாது அத்தை. ஊரான் பிள்ளைக்கே குடுக்க மாட்டாவ. பெத்த மகளுக்குக் குடுப்பாவளா?"

"அப்ப எதுக்கு வெடிச்சிது? நீதான் சொல்லேன்."

பக்கத்து வீடுகளில் பதில் இருந்தது. ஒருத்தி 'கண்ணு' என்றாள். இன்னொருத்தி 'பொண்ணோட பேரு பிளந்தா அது நல்லதுக்கா' என்று இழுத்துவிட்டு, நல்லது எது கெட்டது எது என்று சொல்லாமல் போனாள்.

அண்ணன் துறைமுகத்தில் டாலி கிளார்க். நம் கடல் ஆழமில்லை, கப்பல்கள் கரையிலிருந்து வெகு தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அண்ணன் தினமும் விடியற்காலையில் லாஞ்சில் ஏறி அங்கே போய் மூட்டை எண்ணிவிட்டு வருவான். கடலுக்கு அடியில் குண்டு மிதக்கிறது, முழுகிக் கப்பல் வந்து நிற்கிறது என்று தினம் ஒரு வதந்தி. அவன் லாஞ்ச் திரும்பி வரும் வரைக்கும் அம்மா தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள்.

ஒரு மத்தியானம் நான் அடுத்த அறையில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா அப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னாள்.

"தகடு மோசமா இருந்துட்டா நல்லதுல்லா. சம்மந்தி ஏமாத்திட்டாருன்னு ரெண்டு நாள் ஏசிட்டு விட்டுருவேன். தகடு நல்ல தகடுன்னா, அந்தப் பிள்ளை பேரு எதுக்குப் பிளந்துச்சு? அதை நினைக்க எனக்குச் சத்து இல்ல."

அன்றைக்குத்தான் எனக்கு அம்மாவின் கோபம் புரிந்தது. பெயர் பிளந்தது சகுனம் என்றால் அது தினமும் கடலுக்குப் போகிற மகன் மேல்தான் விழும்; சம்பந்தி மேல் பழி போட்டால் மகன் உயிருக்கு ஆபத்து இல்லை. அவ்வளவுதான் அவள் கணக்கு. அதுவரை நான் அவளைக் கொடுமைக்கார மாமியார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் விஞ்ஞானம் கவிழ்ந்த கதை

நான் அப்போது பாளையங்கோட்டையில் தங்கி இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தேன், லீவுக்கு வந்திருந்தேன். கெமிஸ்ட்ரி எனக்கு உயிர். வெடித்த குடங்களில் கீறலை ஒட்டி அங்கங்கே நீலமாக ஒரு கறை இருந்ததைக் கவனித்தேன். அந்த நீலத்தை நான் சோதனைக் குழாயில் பார்த்திருக்கிறேன். செம்புக் கரைசலில் அம்மோனியா விட்டால் வருகிற நீலம்.

சங்குச் சதை அழுகும்போது கண்ணை எரிக்கிறதே, அது அம்மோனியா. பித்தளையில் பெரும்பங்கு செம்பு. பிடித்துவிட்டேன் என்று துள்ளிக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன்.

"கொட்டகைக் காத்துதாம்மா குடத்தை உடைச்சிருக்கு!"

"காத்து உடைக்குமாக்கும். அப்ப எதுக்குட்டி என் உருளியை உடைக்கல? அவ கொண்டாந்ததுலயே ஈயம் பூசின சட்டி ரெண்டு இருக்கே, அது எதுக்கு வெடிக்கல?"

அதை நான் கவனிக்கவே இல்லை. உண்மைதான். சமைப்பதற்காக ஈயம் பூசி அனுப்பியிருந்த புதுச் சட்டிகள் இரண்டும் நன்றாக இருந்தன. நான் சளைக்கவில்லை. "ஈயம் காப்பாத்தியிருக்கும்மா" என்றேன்.

மதினி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "ஈயம் உள்ளதான பூசுவாவ, பாக்கியம்? வெளிய யாரு காப்பாத்துனா?"

யாருக்காக வாதாடப் போனேனோ அவளே என்னைக் கவிழ்த்துவிட்டாள்.

ஆனால் மதினி விடவில்லை. அடுக்களையில் குடிதண்ணீர் வைத்திருந்த குடத்தைக் காட்டினாள். அதே கல்யாணத்தின்போது அம்மாவின் அண்ணன் திருநெல்வேலி டவுனில் வாங்கி, 'தங்கபுஷ்பம்' என்று அம்மாவின் பெயரை வெட்டிக் கொடுத்தது. எங்களோடு நாசரேத் போய்விட்டு வந்ததால் அது கொட்டகையைப் பார்த்ததே இல்லை.

"அத்தை, இதுவும் புதுசுதான். எங்கய்யா கடைச் சாமானும் இல்ல. இதைக் கொஞ்ச நாள் அங்கன கொண்டு வைப்போம். வெடிச்சா எங்கய்யா மேல குத்தம் இல்ல. வெடிக்கலன்னா நான் இனிமே வாயத் தொறக்க மாட்டேன்."

அம்மா ஓடிப்போய்க் குடத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "நல்லா இருக்க குடத்தை வேணும்னு உடைக்கச் சொல்லுதியோ? எங்கண்ணன் குடுத்தது."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டுமே பித்தளை. இருந்தும் மாமியாருடையதை யாராலும் தொட முடியவில்லை.

ஆடி முடிந்தும்

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அனுப்புவது வழக்கம்தானே. மதினியின் அப்பா வந்து அழைத்துப் போனார். கொடுத்த காப்பியைக் குடித்தார், வெடித்த குடம் ஒன்றைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். "என்னன்னு புரியல. எல்லாத்தையும் அனுப்பி வைங்க, மாத்தித் தாரேன்" என்றார். அம்மா எதையும் அனுப்பவில்லை.

ஆவணி பிறந்தது. அம்மா மருமகளைக் கூப்பிடவில்லை. போ என்று யாரும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. சொல்லாமலே ஒரு பெண்ணைத் தள்ளி வைக்க ஆடி மாதம் அவ்வளவு வசதி. புரட்டாசியும் போயிற்று.

சாத்தான்குளத்தில் விஷயம் பரவிவிட்டது. கடைக்கு வந்த பெண்கள் குடத்தை வழக்கத்தைவிட அதிகமாகத் தட்டிப் பார்த்தார்களாம். தட்டிப் பார்த்துவிட்டு வாங்காமலும் போனார்களாம். மகள் வீட்டில் இருக்கிறாள், சரக்கு கடையில் இருக்கிறது, இரண்டுக்கும் பழி என்று அந்த மனிதர் ராப்பகலாகக் குமைந்திருக்கிறார்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமைதோறும் 'கப்பல்ல அவசர வேலை' என்று சொல்லிவிட்டுத் தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, புதுச்சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவான். எந்தக் கப்பல் சாத்தான்குளத்தில் நங்கூரம் போட்டிருக்கிறது என்று, காலேஜ் லீவுக்கு வந்திருந்த நான் கேட்கவில்லை. அம்மாவுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மதினிக்குப் பிடித்த சீனி உருண்டை செய்து அவன் கண்ணில் படும்படி வைப்பாள்.

உப்புக்கல் ஏன் சதுரம்

இங்கே கதையை நிறுத்தி, பல வருஷம் கழித்து எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கல்லூரியில் கெமிஸ்ட்ரி வாத்தியாரம்மாவாகி, ஒருநாள் லைப்ரரியில் உலோகங்களைப் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டியபோது எங்கள் கொட்டகை அதில் இருந்தது. ஊர் பெயர்தான் இல்லை.

நம் ஊர் உப்புக்கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். மூலை மூலையாக, சதுரமாக இருக்கும். உள்ளே இருக்கும் அணுக்கள் வரிசை பிசகாமல் அடுக்கி இருப்பதால் வந்த வடிவம் அது. பித்தளையும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத பொடிப் பரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டித்தான் தகடு ஆகிறது. ஒவ்வொரு பரலுக்குள்ளும் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன.

தகட்டைச் சூடாக்காமல் தட்டித் தட்டிக் குடமாக வளைக்கும்போது வரிசைகள் நழுவி, ஒன்றின் மேல் ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். குடம் விறைப்பாகும், பளபளக்கும். ஆனால் உள்ளே ஓர் இழுவிசை அடைபட்டே கிடக்கும். உளியால் பெயர் வெட்டிய இடத்தில் அது இன்னும் அதிகம். ஈரமும் அம்மோனியாவும் சேர்ந்து வந்தால், பரலும் பரலும் ஒட்டியிருக்கும் இடுக்கில் புகுந்து அரிக்கும். இடுக்குத் தளர்ந்ததும் உள்ளே காத்திருந்த இழுவிசை குடத்தைப் பிளந்துவிடும்.

அம்மாவின் உருளி உருக்கி வார்த்தது. அதைத் தட்டி வளைக்கவே இல்லை. ஈயம் பூசும்போது சட்டியைக் கரி அடுப்பில் காய்ச்சுவார்கள். அந்தச் சூட்டில் அணுக்கள் சற்றே அசைந்து கொடுக்க, உள் இழுவிசை தணிந்துவிடும். சட்டியைக் காப்பாற்றியது ஈயம் இல்லை, ஈயம் பூசுவதற்கு முன் பட்ட சூடு. மதினி கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்த அன்றைக்கு லைப்ரரி என்பதையும் மறந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

முன்பு இந்த நாட்டில் பட்டாளத்துக் குதிரை லாயங்களுக்குப் பக்கத்தில் வைத்த தோட்டாக்கள் மழைக்காலத்தில் இப்படித்தான் வெடிப்பு விட்டனவாம். குதிரை மூத்திரத்திலும் அதே அம்மோனியாதான். பெரிய பெரிய வெள்ளைக்காரர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்ட விஷயத்துக்கு எங்கள் தெருவில் 'கண்ணு' என்று ஒரே வார்த்தையில் முடிவு சொல்லிவிட்டார்கள்.

தை

பொங்கல் லீவுக்கு நான் வீட்டுக்கு வந்தேன். அடுக்களையில் தண்ணீர் மோக்கப் போனால் டவுன் குடத்தைக் காணோம். அதன் இடத்தில் ஒரு மண்பானை இருந்தது.

"குடம் எங்கம்மா?"

அம்மா என்னைக் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப் போனாள். கார்த்திகையில் புதுச் சங்கு வந்து கொட்டகை மறுபடி நிறைந்திருந்தது. பழைய இடத்திலேயே சாக்கை விலக்கி அம்மா குடத்தை எடுத்தாள். நான் தட்டிப் பார்க்கத் தேவையே இல்லை. 'தங்கபுஷ்பம்' என்ற பெயரின் குறுக்கே பளிச்சென்று கீறல் தெரிந்தது.

"நீயா கொண்டாந்து வச்ச?"

"பின்ன யாரு? கார்த்திகையில வச்சேன். தினம் வந்து தட்டிப் பாப்பேன். நேத்து வெடிச்சிட்டு."

தன் அண்ணன் கொடுத்த குடம் போய்விட்டதே என்ற வருத்தம் அம்மா முகத்தில் கொஞ்சமும் இல்லை. ஆனி மாதத்திலிருந்து நான் பார்க்காத அம்மாவாக இருந்தாள்.

மறுநாளே கிளம்பினோம். பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடுமே, அந்தக் காலத்துக் கரி பஸ். மேடு வந்தால் ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். அம்மா வெடித்த குடத்தை மடியில் வைத்துக்கொண்டு, கண்டக்டர் எவ்வளவு கேட்டும் கீழே வைக்காமல் சாத்தான்குளம் வந்து சேர்ந்தாள்.

கடையில் நாலைந்து பேர் சாமான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடத்தோடு அம்மா படி ஏறுவதைப் பார்த்ததும் மதினியின் அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. இத்தனை மாதம் கழித்து, ஆட்கள் இருக்கும் நேரம் பார்த்துச் சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார்.

"சம்மந்தியம்மா, உள்ள வாங்க. வீட்டுல வச்சிப் பேசிக்கிடுவோம்."

"வேண்டாம் அண்ணாச்சி. இங்கனயே பேசுதேன். கேக்கட்டும்." அம்மா குடத்தை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தாள். "இது உங்க கடைச் சாமான் இல்ல. எங்கண்ணன் டவுன்ல வாங்குன குடம். இதையும் அதே கொட்டகையில வச்சேன், இதுவும் வெடிச்சிட்டு. சங்கு நாத்தம் பண்ணுன வேலை. எங்க வீட்டுக் குத்தம் அண்ணாச்சி. உங்க சரக்குல ஒரு குறையும் கிடையாது."

அந்த மனிதர் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சத்தம் கேட்டு மதினி உள்ளேயிருந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இளைத்திருந்தாள். குடத்தையும் அதில் பிளந்து கிடந்த பெயரையும் பார்த்தாள்.

"உடைக்கவே மாட்டேன்னு சொன்னியளே அத்தை. உங்க பேரு போட்ட குடமாச்சே."

எங்கள் குற்றத்தைக் கண்டுபிடிக்கத்தான், நியாயம் தெரியத்தான் அம்மா அதை வைத்தாள் என்று அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா மதினியின் தாடையைத் தொட்டாள்.

"நாத்தமோ சகுனமோ, எனக்கு என்னளா தெரியும்? உன் பேரு பிளந்துச்சே, அதுக்கு என்ன பலனோன்னு தினம் செத்தேன். சகுனமாத்தான் இருந்தா அது உனக்கு வரவேண்டாம், எம்பேரு பிளக்கட்டும், எனக்கு வரட்டும்னுதான் கொண்டு வச்சேன்."

மதினி விம்மி விம்மி அழுதாள். கடையில் இருந்த பெண்களும் முந்தானையை எடுத்தார்கள். அம்மா மட்டும் அழவில்லை.

"போளா, முகத்தைக் கழுவிட்டு சேலையை எடுத்துட்டு வா. பஸ்ஸை விட்டுட்டா உம்மாப்பிள்ளை வந்து வீட்டுல ஆளைக் காணாமத் தேடுவான்."